காப்பு அவிழாத ஊர்

மழை பெய்ய மறந்த வருஷங்கள் உண்டு, சண்டை போட மறந்த வருஷம் வேலங்கோட்டையில் கிடையாது. ஊர்ப்பெயரில் கோட்டை இருக்கிறதே தவிர, ஊருக்குள் கோட்டை இருந்ததற்கு ஒரு செங்கல்லைக்கூட யாரும் காட்டியதில்லை. கோட்டை என்ற சொல்லுக்குக் கோடுதல், அதாவது வளைதல்தான் வேர், வளைந்து சுற்றி நிற்பது எதுவோ அது கோட்டை, உங்கள் ஊரைக் கருவேலங்காடு வளைத்து நிற்கிறதே அது போதாதா என்று, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நல்லபெரியான் புலவர் சொல்லுவார். கேட்டுக்கொண்டு நாங்கள் சண்டைக்குப் போய்விடுவோம்.

பங்குனியில் எல்லைப் பிடாரியம்மனுக்குத் திருவிழா. மஞ்சள் கிழங்கு கோத்த நூலைப் பூசாரி வேளார் அம்மனின் மணிக்கட்டில் கட்டிவிட்டால் அதுதான் காப்புக் கட்டு. அதன்பின் ஊர்க்காரன் வெளியே போய்த் தங்கக் கூடாது, வெளியூர்க்காரன் உள்ளே வந்து தங்கக் கூடாது, தேர் ஓடி முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை உள்ளே இருப்பது உள்ளேயும் வெளியே இருப்பது வெளியேயும் கிடக்க வேண்டும். அவிழ்க்கிற அன்று மேலத்தெரு அம்பலமும் கீழத்தெரு அம்பலமும் (எங்கள் சீமையில் ஊர்த்தலைவரை அம்பலம் என்போம்) சாமி முன்னால் சேர்ந்து நின்று ஒரே தட்டில் திருநீறு எடுத்துப் பூசினால்தான் பூசாரியின் கை நூலுக்குப் போகும். அந்த வருஷம், பால்குடத்தன்று, பரிவட்டத்தை முதலில் யார் தலையில் கட்டுவது என்று மேலத்தெரு சேவுகப்பெருமாள் அம்பலத்துக்கும் கீழத்தெரு வைரவன் அம்பலத்துக்கும் பேச்சு முற்றி, பேச்சு கைக்கு வந்து, பால்குடங்கள் நடுத்தெருவில் உடைந்து, அதிகாரிகள் வந்து திருவிழாவைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார்கள். பந்தலைப் பிரித்தோம், ஒலிபெருக்கியைக் கழற்றினோம், ராட்டினக்காரனை அனுப்பி வைத்தோம். சாமி கையில் கட்டிய காப்பை அவிழ்க்க வேண்டுமே என்று தோன்றியவர்கள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு விடியலில் ஆடு பத்திக்கொண்டு போனவர்கள், ஊர் எல்லை நெடுகிலும் கரையான் புற்று மண்ணில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழுந்து, ஊருணியைச் சுற்றி, சுடுகாட்டை உள்ளே வைத்து, பஸ் நிற்கும் இடத்தை வெளியே தள்ளி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். ஆடுகள் அதன் முன்னால் நின்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. ஆடுகளே திரும்பியபின் மனிதர்களுக்கு என்ன வேலை, அவர்களும் திரும்பினார்கள். காப்பு அவிழ்க்கவில்லை அல்லவா, அதனால் வந்திருக்கும் என்று பேசிக்கொண்டு கஞ்சி குடிக்கப் போனோம். ஆச்சரியப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு இருந்தால்தான் சுவர், ஊரைச் சுற்றி நின்றால் அதற்கு மதில் என்று பெயர் என்று புலவர் திருத்தினார். நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று ஊர் முழுக்க மதில், மதில் என்று சொல்லத் தொடங்கினோம். சொல்லி வாய் மூடுவதற்குள் புற்றுமண் கல்லாகி இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அப்போதுதான் அதற்குக் காது உண்டு என்று தெரிந்துகொண்டோம். ஒருவர் இருவர் சொன்னால் கேட்காது. ஊரில் பேசத் தெரிந்த வாய் அத்தனையும் ஒரு சொல்லைச் சொன்னால், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறதோ அது கல்லில் இறங்கிவிடும். எங்களுக்கு ஒற்றுமை வராது என்று சொன்னவர்கள் அந்த மதிலை வந்து பார்த்திருக்க வேண்டும்.

புலவருக்கு அது பொற்காலம். பாடம் நடத்தியபோது கொட்டாவி விட்ட ஊர், இப்போது அவர் வீட்டு முற்றத்தில் காத்துக் கிடந்தது. புரிதல் என்றால் முறுக்குதல், சுற்றுதல், அதனால் சுற்று மதிலுக்குப் புரிசை என்று பெயர் என்றார். சொன்னோம், மதில் வைக்கோற்பிரி போல முறுக்கிக்கொண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று. வேடிக்கை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் மேல் கல்லெறிய வசதி இல்லையே என்று இளவட்டங்கள் குறைப்பட்டபோது, அம்பு எய்வதற்கான மதிலை எயில் என்பார்கள் என்றார். சொன்னோம், உள்பக்கம் ஆள் உட்காரும் அகலமும் வெளிப்பக்கம் கை நுழையும் அகலமுமாக ஊர் முழுக்கத் துளைகள் திறந்தன. ஏணி வைத்தவனுக்கு ஏணியின் ஒவ்வொரு படிக்கும் மதில் ஒரு முழம் வளர்ந்தது, அவன் இறங்கி வந்து எங்களிடம் திட்டு வாங்கினான். செல்போனுக்கு டவர் கிடைக்கவில்லை. அரிசியும் மருந்தும் பனைநார்ப் பெட்டியில் கயிற்றோடு மேலே ஏறி உள்ளே இறங்கின. அளக்க வந்த அதிகாரிகள், ஊர்ப்பெயரிலேயே கோட்டை இருப்பதால் இது முன்பே இருந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மதில் எழுந்த அன்று வெளியூர் போயிருந்து உள்ளே வர முடியாமல் போன எங்கள் சனம், மதிலுக்கு அந்தப் பக்கம் ஓலைக் குடிசை போட்டு, உள்ளே நாங்கள் சமைக்கிற குழம்பை வாசத்தை வைத்துச் சொல்லிக்கொண்டு வாழப் பழகியது. பழகாதது என்ன இருக்கிறது உலகத்தில்.

உடையாளுக்கு மட்டும் பழகவில்லை. கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்றுப் பிழைக்கிறவள் உடையாள். புருஷன் போனபின் அந்தக் கரியிலேயே மகளைப் படிக்க வைத்தாள். மகளுக்குச் செம்மலர் என்று பெயர் வைத்தவர் புலவர்தான். செம்மலர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய், அங்கேயே தினகரன் என்ற தாயில்லாப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, மாசமாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆடி போய் ஆவணி பிறந்ததும், வயிற்றைத் தாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவள், பெட்டியோடு மதிலுக்கு முன்னால் நின்றாள்.

அன்றிலிருந்து உடையாளின் குடித்தனம் ஒரு துளைக்குள் நடந்தது. ஊருணிக்கரைப் பக்கம் இருந்த துளைக்குள் ஏறி உட்கார்ந்தாளென்றால் பகலெல்லாம் இறங்க மாட்டாள். வெளியே குடிசைக்காரப் பெண்கள் செம்மலருக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். உடையாள் இந்தப் பக்கம் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் தள்ளுவாள், கீரையைக் கடைந்து தள்ளுவாள், காலை நீட்டிப் படு, இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று துளைக்குள் வாயை வைத்துச் சொல்லுவாள். கரி அப்பிய விரல்கள் வெளியே நீளும், செம்மலர் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். வளைகாப்பும் அப்படித்தான் நடந்தது. மகள் வெளியேயிருந்து கையை நீட்ட, இவள் உள்ளேயிருந்து ஒவ்வொரு கண்ணாடி வளையலாகப் போட்டுவிட்டாள். முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று உடையாள் அழுதபோது, சுற்றி நின்ற நாங்களும் அழுதோம். நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மதிலில் ஒரு வாசல் வைக்க வழியில்லையா என்று அவள் புலவரைக் கேட்டாள். வாயில் என்ற சொல் இருக்கிறது, ஊர் சொன்னால் திறக்கும் என்றார் அவர். அதற்கும் கூடினோம். மேல்புறம் திறந்தால் கீழத்தெருவுக்குக் குறைச்சல், கீழ்புறம் திறந்தால் மேலத்தெருவுக்குக் குறைச்சல். மேலத்தெரு மேலவாயில் என்றது, கீழத்தெரு கீழவாயில் என்றது. மதில் இரண்டையும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக, அகல்விளக்கு வைக்கிற மாடம் அளவுக்குக் குழிந்துவிட்டு நிறுத்திக்கொண்டது. மதிலுக்கு எத்தனை பெயர் சொன்னாலும் ஒத்துக்கொண்ட ஊரால் வாசலுக்கு ஒரு திசை சொல்ல முடியவில்லை.

பிறகு யாரோ கிளப்பினார்கள்: காப்புக் கட்டிய ஊரில் உள்கையும் வெளிக்கையும் தொட்டுக்கொள்ளலாமா, வளையல் வரை போய்விட்டதே, அதனால்தான் ஆவணியாகியும் ஒரு சொட்டு மழை இல்லை. போன ஆவணியிலும் மழை இல்லை, அதற்கு முந்தின ஆவணியிலும் இல்லை என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. கோயில் பொட்டலில் ஊர் கூடியது. துளைக்குள் இருந்த உடையாளை இறக்கி அழைத்து வந்தார்கள்.

துளையே இல்லாத மதிலுக்கு என்ன பெயர் என்று புலவரிடம் கேட்டார்கள். அவர் தெரியாது என்றிருக்கலாம். கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது, வாத்தியாராகவே வாழ்ந்துவிட்ட மனுஷன். செம்பைக் காய்ச்சி ஊற்றி இறுக வைத்த மதிலுக்கு இஞ்சி என்று பெயர், இஞ்சுதல் என்றால் இறுகுதல் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டீயில் தட்டிப் போடுவதா என்று ஒருவன் கேட்டான், கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு எல்லோரும் அந்தச் சொல்லைச் சொன்னோம். மதில் அசையவில்லை. ஒரு வாய் பாக்கி இருந்தது.

அத்தனை பேரும் உடையாள் பக்கம் திரும்பினோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். சேவுகப்பெருமாள் அம்பலம் மிரட்டுவார் என்று நினைத்தோம். அவர் கிட்டே வந்து, பெற்ற மகளிடம் பேசுவதுபோல் தணிவாகப் பேசினார்.

"ஒரு வார்த்தைதானேத்தா, சொல்லிரு. நாளைக்கு விடியவும் நானும் வைரவனும் சேர்ந்து நின்னு காப்ப அவுத்துர்றோம். அப்பறம் மதிலே இருக்காது. இல்லாத மதிலுக்கு ஓட்டை இருந்தா என்ன, அடைஞ்சா என்ன?"

வைரவன் அம்பலம் அதற்குத் தலையாட்டினார். இருவரும் ஒத்துப்போன ஒரு சங்கதியை எங்கள் ஆயுசில் அன்றுதான் பார்த்தோம். சத்தியம் பண்ணுங்கள் என்றாள் உடையாள். பூசாரி வேளார் தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வர, இரண்டு அம்பலங்களும் சாமி முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்று, ஒரே தட்டின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தார்கள். அந்த நிமிஷமே பூசாரி கையை நீட்டி நூலை அவிழ்த்திருக்கலாம். திருநீறும் அங்கேதான் இருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

"எம்மககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேங்கய்யா," என்றாள் உடையாள்.

"நாளைக்கு நேர்லயே கட்டிப் பிடிச்சுச் சொல்லிக்கத்தா," என்றார் வைரவன் அம்பலம்.

அவள் மதில் இருந்த திசையை ஒருமுறை பார்த்தாள். நாளைக்கு மகளின் முகத்தைப் பார்த்துவிடலாம் என்ற ஆசை அவள் கண்ணில் அப்படியே தெரிந்தது. ஊர் மறுபடியும் ஒரே மூச்சில் இஞ்சி என்றது, அவளும் சொன்னாள். மூட்டத்துக்கு முன்னால் நின்று தூரத்தில் மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது, சொன்னதும் கணீரென்று விழுந்தது. மதிலின் உச்சியிலிருந்து செம்பு உருகி வழிந்து, கல்லின் சந்திலெல்லாம் இறங்கி, துளைகளை நிரப்பி, வெயிலில் தகதகவென்று இறுகிக்கொண்டது. என்ன அழகு என்று நாங்கள் சொன்னது உண்மை.

விடிந்ததும் குளித்துவிட்டு உடையாள்தான் முதலில் கோயிலுக்கு வந்தாள். அம்பலங்களும் வந்தார்கள். வந்த இடத்தில், சாமிக்கு வலப்பக்கம் யார் நிற்பது என்று பேச்சு எழுந்தது. சேர்ந்து நிற்பதாகத்தான் சத்தியம், எந்தப் பக்கம் என்று சத்தியத்தில் இல்லை என்றார் ஒருவர். போன தலைமுறையில் வலப்பக்கம் யார் என்று கேட்டார் மற்றவர். வெயில் ஏறியது, அவரவர் தெருவுக்கு அவரவர் போனார்கள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்களும் போனோம். புலவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அதன்பின் யார் எந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாலும் தெரியாது என்றே சொன்னார்.

உடையாள் மதிலடிக்குப் போனாள். துளை இருந்த இடத்தில் செம்பு வழவழவென்று இருந்தது. ஆத்தா, செம்மலரு என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட சத்தம் அவளிடமே திரும்பி வந்தது. காதை வைத்துக் கேட்டாள், பகல் வெயிலில் காய்ந்த செம்பு காதைச் சுட்டது, சுடச்சுட வைத்துக்கொண்டு கேட்டாள். மறுபக்கம் ஒரு சத்தமும் இல்லை. மகளுக்கு நாள் நெருங்கிவிட்டதா, நாள் கடந்துவிட்டதா, வலி வந்தபோது யார் பக்கத்தில் இருந்தார்கள், அழுததா பிள்ளை, அழவில்லையா, பெற்றவள் பிழைத்தாளா, ஒன்றும் தெரியாமல் மதிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கூடையில் கயிறு கட்டி மேலே எறிந்து பார்த்தாள், செம்பில் வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. சோறு கொண்டு போய்க் கொடுத்தோம், வாங்கிக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். எங்களால் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

ஒரு மத்தியானம், பூசாரி வேளார் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கோயிலுக்குள் போனாள். ரெண்டு பேரும் சேர்ந்து நிற்காமல் காப்பைத் தொடக் கூடாது என்று அவர் வழக்கத்தைச் சொன்னார்.

"அவுக நிக்க மாட்டாகய்யா. நான் நிக்கிறேனே, ஆகாதா?"

பூசாரி விளக்கை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். உடையாள் கருவறைக்குள் ஏறி, சாமியின் கையைப் பிடித்துக் குனிந்து, எண்ணெயும் மஞ்சளும் இறுகிப்போன அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

நாங்கள் சொல்லிச் சொல்லி ஏற்றியதெல்லாம் கடைசியில் ஏறியது முதலில் என்று இறங்கியது. செம்பு உதிர்ந்தது, துளைகள் திறந்து பெரிதாகிப் பெரிதாகிக் கல் சரிந்தது, முறுக்கு விட்டது, கல் மண்ணானது, மண் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் வந்து, பொழுது சாய்வதற்குள் கோலம் அழித்த தடம் போல ஒரு கோடு மட்டும் கிடந்தது. சாமி குத்தம் செய்துவிட்டாள், விசாரிக்க வேண்டும் என்று இரண்டு அம்பலங்களும் தனித்தனியாக ஆள் அனுப்பினார்கள். ஆள் போனபோது அவள் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

கீற்றுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. அடுப்புக் கல்லில் சூடு இல்லை. குடிசைக்காரப் பெண்கள்தான் சொன்னார்கள்: துளை அடைபட்ட அன்று சாயங்காலமே வலி கண்டுவிட்டது, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம், ஆஸ்பத்திரி போவதற்குள் வண்டியிலேயே பிறந்துவிட்டது, பெண் பிள்ளை, ரெண்டு உசிரும் நல்லபடி, மருமகன் வந்து திருப்பூருக்கே கூட்டிப் போய்விட்டான். உடையாள் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டாள். பிறகு கட்டிய சேலையோடு பஸ் ஏறினாள்.

அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்தபின் ஒரே ஒருமுறை, புலவரிடம் சொன்னாள். அவர் எங்களிடம் சொன்னார்.

வரிசை வீடுகளில் ஒரு வீடு, ஒற்றை அறை, அதையே பழைய சேலையைக் கம்பியில் மாட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. செம்மலர் எழுந்து வந்து அம்மாவை உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். உடையாள் பிள்ளையைத் தொடாமல் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, பிறகு தொட்டாள். சத்தியம் செய்தது, சூடம் கொளுத்தியது, நாளைக்கு என்று சொன்னது, மதிலில் காதை வைத்துக் கிடந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். காது ஓரத்தில் கொப்புளம் காய்ந்த தழும்பு இருந்தது, அதைக் காட்டவில்லை. செம்மலர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். கோபம் இல்லை, அழவும் இல்லை.

"நீ வேணும்னு சொல்லலைன்னு எனக்குத் தெரியும்மா," என்றாள். "ஆனா அத்தனை பேரு சத்தத்துலயும் உஞ்சத்தம் தனியாக் கேட்டுச்சு. வலி வந்தப்பல்லாம் அதுவேதான் கேட்டுச்சு."

மடியில் கிடந்த பிள்ளை பசித்து அழுதது. செம்மலர் குனிந்து அதை வாங்கிக்கொண்டு உள்பக்கம் போனாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் பெற்ற தாய்க்கு முன்னால் மறைத்துக்கொண்டு பால் கொடுத்ததில்லை. அவள் சேலைத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உடையாள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் சேலை விலகும், மறுபடி வந்து மூடும். ஒரு விரலால் ஒதுக்கியிருக்கலாம். உள்ளே பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்று பிள்ளை தூங்கிவிட்டது, திரை திறக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அத்தை என்று மருமகன் வந்து மெதுவாகச் சொன்னான்.